பட்டியல் மூடும் நாள்

பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் எப்படியிருக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு வெள்ளியன்று, தேங்காய், பழம், கர்ப்பூரம் வைத்த தட்டுகளை விற்கும் மேசையின் முன்னால் நின்றபோது, என் மருமகள் (அண்ணன் மகள்) என் காதருகே குனிந்து 50 ராண்ட் கேட்டாள். வங்கி அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்துக் கொடுத்தேன். தரிசனம் முடிந்து காரில் திரும்பும்போதுதான் செய்தி வெளியே வந்தது. ஜனவரி நடுவில் பள்ளி திறந்த நாளிலிருந்து எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்துவந்த அவளுக்கு அதுவரை ஒரு சென்ட்கூடச் சம்பளம் வரவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், உறவுப் பெயர்கள் மட்டுமே தமிழில் எஞ்சியிருக்கின்றன. அன்றும் அவள் "அத்தே" என்று தொடங்கி மிச்சத்தை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்பதை மட்டும் இருமுறை சொன்னாள்.

அப்போது நான் அவளுக்குச் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "அரசாங்க வேலையில் முதல் சம்பளம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது, வரும்போது மொத்தமாக வரும், அதை ஒரு சேமிப்பென்று வைத்துக்கொள்" என்றேன். அவள் மறுத்து எதுவும் பேசவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மொத்தமாக வருகிறவரைக்கும் தினமும் டாக்சிக்கு 36 ராண்ட் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான், என் அனுபவத்தையே ஒரு விதியாக்கி, அதை அவளுக்கு ஆறுதலாக நீட்டியிருக்கிறேன் என்பது அந்தக் கணத்தில் எனக்கு உறைக்கவில்லை.

என் கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பணியில் இருந்த காலத்தில், சங்கக் கூட்டங்களில் இளம் ஆசிரியர்கள் எப்போதாவது எழுந்து, மாதம் இருமுறை சம்பளம் தரும்படி சட்டத்தைத் திருத்தக் கேட்டால் என்ன என்று பேசுவார்கள். அதை எதிர்த்து முதலில் கையை உயர்த்துகிறவள் நானாகத்தான் இருப்பேன். மாதச் சம்பளம் என்பது மரியாதை, அதை விட்டுவிட்டு வாரக்கூலிக்குத் திரும்புவதா என்பது என் வாதம். பெரும்பாலும் கைதட்டும் கிடைக்கும். இன்று அந்தக் கைதட்டை யாராவது திருப்பி வாங்கிக்கொண்டால் நிம்மதியாக இருக்கும்.

அம்மாவின் உறை

அந்த வாதத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா டர்பனில் ஒரு துணி ஆலையில் காலர் தைத்தவள். சாட்ஸ்வர்த்தில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். விடியும் முன்பே பேருந்துக்கு வரிசையில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சம்பளம். பழுப்பு நிற உறை; அதன் மேல் பக்கத்தில் பெயர், வேலை செய்த மணி நேரம், பிடித்தங்கள் எல்லாம் கார்பன் எழுத்தில் இருக்கும். உறையின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். பிரிப்பதற்கு முன்பே நோட்டுகளின் ஓரத்தைக் கட்டை விரலால் விசிறி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், பிரித்தபின் குறைகிறது என்று சொன்னால் செல்லாது. அம்மா வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் நான்கு பிஸ்கட் டப்பாக்களை வரிசையாக வைப்பாள்: வாடகை, பேருந்து, பள்ளி, கோயில். சனிக்கிழமை அதிகாலையில் வாரிக் அவென்யூ சந்தைக்குப் போய் வருவதற்குள் அந்த வாரத்துப் பணம் அதனதன் இடத்துக்குப் போய்விட்டிருக்கும்.

இதை நான் இல்லாமையின் அடையாளமாகவே பார்த்து வளர்ந்தேன். ஏழு நாளுக்கு மேல் நீளாத வாழ்க்கை என்று நினைத்தேன். நான் ஆசிரியையானபோது, அப்பா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் "மாதச் சம்பளம்" என்ற இரண்டு சொற்களை ஒரு பட்டத்தைச் சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளக்காரருக்கு வங்கி வீட்டுக் கடன் தரும், கடைக்காரர் கணக்கு எழுதுவார், பெண் கேட்டு வருகிறவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அம்மாவின் உறையைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை நான் பல ஆண்டுகள் மறந்தே போயிருந்தேன். ஒரு வெள்ளியன்று உறையில் ஓவர்டைம் பணம் குறைந்துவிட்டது. அம்மா வெட்டிய மூலையில் எண்ணிப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் காட்டிவிட்டு வந்தாள். அடுத்த வெள்ளி உறையில் அந்தப் பணம் இருந்தது. இது அவ்வளவு சாதாரணமாக நடந்து முடிந்ததால் யாருமே அதைப் பேசவில்லை.

வரலாற்று ஆசிரியை என்ற முறையில் நான் இன்னொன்றையும் மறந்திருக்கக் கூடாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில், டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்திறங்கிய 342 பேரில் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமானவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள்தாம். முதல் ஆண்டில் ஆண்களுக்கு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், அதோடு படி அரிசி என்பது ஒப்பந்தம். 1871இல் ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் சென்னையில் அதிகாரிகளிடம் வைத்த புகார்களில், தோட்ட முதலாளிகள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பது முக்கியமானது. அதையொட்டித்தான் 1872இல் நேட்டாலில் கூலி ஆணையம் அமைந்தது. இந்தப் பாடத்தை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாதச் சம்பளம்தான் மரியாதை என்று சங்கக் கூட்டத்தில் நான் முழங்கியபோது, எங்கள் கொள்ளுப்பாட்டன்மாரின் ஒப்பந்தத் தாளிலேயே மாதச் சம்பளம் எழுதப்பட்டிருந்தது என்பதும், அது பல மாதங்கள் வராமல் போனது என்பதும் ஏனோ என் நினைவுக்கு வந்ததே இல்லை.

சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

கோயிலிலிருந்து வந்த இரவு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 1997ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 32ஆம் பிரிவு, ஊதியத்தைத் தினமோ, வாரமோ, இரு வாரத்துக்கு ஒருமுறையோ, மாதமோ கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது மாதம் என்பதே சட்டம் அனுமதிக்கும் மிக நீண்ட இடைவெளி. ஊதியக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் பணம் கைக்கு வந்துவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 75ஆம் பிரிவு, தாமதமாகும் தொகைக்கு வட்டியும் தரச் சொல்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இதற்கு மேல் 1998ஆம் ஆண்டின் கல்வியாளர் பணியமர்த்தல் சட்டமும் உண்டு. அதன்படி சம்பளத்தை நிர்ணயிப்பது தேசிய அமைச்சர், பணியமர்த்துவது மாகாணத் துறையின் தலைவர். எவ்வளவு என்பது பிரிட்டோரியாவிலும், எப்போது என்பது மாகாணத் தலைநகரிலும் முடிவாகிற ஏற்பாடு இது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது, அங்குதான் படிவங்கள் படுத்துக்கிடக்கின்றன.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருக்கும்போது ஒரு பெண் மூன்று மாதமாக வெறுங்கையோடு வகுப்புக்குப் போய்வருவது எப்படி என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கிழக்குக் கேப் மாகாணத்தில், காலிப் பணியிடங்களில் வேலை செய்த ஆசிரியர்களுக்கு மாகாணத் துறை சம்பளம் தராமலே இருந்ததால், பள்ளி நிர்வாகக் குழுக்கள் பெற்றோரிடம் வாங்கிய கட்டணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்தன. லிங்க்சைடு என்ற பள்ளியின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கு கிரஹாம்ஸ்டவுன் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2014இல் இரண்டு கட்டங்களாகத் தீர்ப்பு வந்தது. இரண்டாம் கட்டத்தில் மட்டும் 90 பள்ளிகளுக்கு 81 மில்லியன் ராண்ட் திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தத் தொகையை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, கட்டணப் பெட்டியில் பணம் இருந்த பள்ளிகள் இவை என்பதுதான். என் மருமகளின் பள்ளியும் கட்டணம் வாங்கும் பள்ளிதான். ஆனால் பாதிப் பெற்றோர் கட்ட முடியாமல் விலக்குக் கேட்டு எழுதிக்கொடுத்தவர்கள். பெட்டியில் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை தன் கைப்பையிலிருந்து இரண்டு தடவை 200 ராண்ட் கொடுத்திருக்கிறார், அதுதான் அந்தப் பள்ளியால் முடிந்த முன்பணம்.

அடுத்த மூன்று நாள்களில் இன்னொன்றும் தெரியவந்தது. அவள் பிப்ரவரியில் தன் தெருவிலேயே வட்டிக்கு விடும் ஒரு மஷோனிசாவிடம் 1,500 ராண்ட் கடன் வாங்கியிருந்தாள். மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது. வட்டி முதலோடு சேர்ந்து ஒரு மாதத்தில் 1,950 ஆகி, இரண்டு மாதத்தில் 2,535 ஆகியிருந்தது. பதிவு பெற்றுக் கடன் கொடுப்பவர் இப்படிப்பட்ட குறுகிய காலக் கடனுக்கு மாதம் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தெருமுனை மஷோனிசா எங்கும் பதிவு பெற்றவர் அல்லர். அரசாங்கம் அவளுக்குத் தர வேண்டிய தாமத வட்டியோ ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 3.5 விழுக்காடு சேர்த்து வருவது, அதுவும் ஆண்டுக்கு. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஆசிரியர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் என் காலத்தில் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு அப்பால்

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, பள்ளி திறக்க ஒரு நாள் இருந்தது. இருவரும் கல்வித் துறையின் அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, எழுதினாலும் வேறுபாடு இராது. சீட்டில் எண் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் கையில் அதே பழுப்புக் கோப்பு. ஒருவர் எஷோவே பக்கத்திலிருந்து வந்திருந்தார், அவருக்கு ஐந்தாவது மாதம்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அலுத்த முகம், ஆனால் பொறுமையான குரல். அவருக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தது. அந்த இருக்கைக்கு யாரும் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றும், அதனால் இரண்டு பேருடைய பள்ளிகளையும் அவரே பார்ப்பதாகவும் சொன்னார். என் மருமகளின் அடையாள எண்ணைத் தட்டிவிட்டு, நாங்கள் கேட்காமலே திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் கணினி முறையான பெர்சலின் திரை அது. பெர்சல் எண் கிடைத்துவிட்டால் நீங்கள் இருக்கிறீர்கள், இல்லாவிட்டால் நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கற்பித்திருந்தாலும் அந்த நாட்டில் பிறக்கவே இல்லை. பிறகு அவர் ஒரு நீளமான பதிவேட்டைத் திறந்து, விரலால் தடவிக்கொண்டே வரலாறு முழுவதையும் சொன்னார்.

ஜனவரி இறுதியில் படிவங்கள் வந்தன. வங்கிக் கணக்குப் படிவத்தில் வங்கியின் முத்திரை மங்கலாக இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டன. அவை மீண்டும் வந்தபோது பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் மூடியிருந்தது. மார்ச்சில் வரி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது தெரிந்தது. திருத்தி வாங்குவதற்குள் மார்ச் பட்டியலும் மூடிவிட்டது. திருத்திய படிவம் இந்த அலுவலகத்துக்கு வந்து முத்திரை வாங்கியது ஏப்ரல் 6ஆம் தேதி. அந்த மாதத்துப் பட்டியல் மூடியது 4ஆம் தேதி. "எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த மாதம் கட்டாயம் வந்துவிடும்" என்று சிரித்தபடி சொன்னார். அவர் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். எங்களுக்கு நல்ல செய்தி தருவதாகவே அவர் நினைத்தார்.

நான் அந்தப் பதிவேட்டின் இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். 4, 6. இடையில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு என் மருமகள் கொடுக்கப்போவது முப்பது நாள். மங்கிய முத்திரைக்கு ஒரு மாதம், மாறிய இலக்கத்துக்கு ஒரு மாதம், இரண்டு நாள் தாமதத்துக்கு ஒரு மாதம். மூன்றும் யாரும் செய்யக்கூடிய சிறிய பிழைகள், ஒவ்வொன்றையும் சரிசெய்ய எடுத்தது ஒரு வாரத்துக்கும் குறைவு. ஆனால் பட்டியல் மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறது என்பதால் ஒவ்வொரு பிழைக்கும் ஒரே தண்டனைதான் இருந்தது, அது ஒரு முழு மாதம். சம்பளத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை தருவது என்ற கேள்வியை நான் வாழ்நாள் முழுவதும் வீட்டுச் செலவுக் கணக்காகவே பார்த்திருந்தேன்: சிக்கனக்காரருக்கு மாதம் போதும், ஊதாரிக்கு வாரமும் போதாது என்று. அது ஒரு பிழை எவ்வளவு காலம் உயிரோடிருக்கலாம் என்று முடிவுசெய்யும் கேள்வியும்கூட என்பது அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அம்மாவின் உறையில் விழுந்த பிழைக்கு ஆயுள் ஏழு நாள். துணி ஆலையில் காலர் தைத்தவளுக்கு இருந்த அந்த வசதி, நான்கு ஆண்டு பட்டம் படித்த அவள் பேத்திக்கு இல்லை.

சட்டத்தின் ஏழு நாள் விதி எங்கே போயிற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை என்னாலேயே ஊகிக்க முடிகிறது. அந்த விதி பட்டியலில் இருக்கிறவருக்கு. பட்டியலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே எடுக்க எத்தனை நாள் ஆகலாம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதை எழுதியவர்கள், ஆள் வேலைக்கு வந்துவிட்டால் பெயர் ஏட்டில் ஏறிவிடும் என்று எண்ணியிருக்கலாம். துணி ஆலையில் அப்படித்தான் இருந்தது.

இரண்டு வாரக் கணக்கு

அன்றிலிருந்து, மாதம் இருமுறை சம்பளம் என்ற பழைய கோரிக்கைக்கு நான் ஆதரவாளர். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்ததால், அதன் சங்கடங்களும் எனக்கு மனப்பாடம். நாடெங்கும் ஏறத்தாழ நான்கு லட்சம் ஆசிரியர்கள். அவர்களுடைய ஓய்வூதிய நிதிக்குச் சம்பளத்தில் 7.5 விழுக்காடு பிடிக்க வேண்டும், மருத்துவத் திட்டத்துக்குப் பிடிக்க வேண்டும், சங்கச் சந்தா பிடிக்க வேண்டும். வீட்டுக் கடன், கார்க் கடன், இறுதிச் சடங்குக் காப்பீடு எல்லாம் மாதத்தில் ஒரு தேதியில் வங்கிக் கணக்கைத் தேடிவருகின்றன. சம்பளத்தை இரண்டாகப் பிளந்தால் இவை எல்லாம் எந்தப் பாதியைத் தின்னும் என்பது வேடிக்கையான கேள்வி அல்ல. முதல் பாதியில் கடன்களும் இரண்டாம் பாதியில் சோறும் என்று முடிந்தால், முதல் பாதி வந்ததே தெரியாமல் போகும்.

என்னோடு பணியாற்றிவிட்டு ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். நியூசிலாந்தில் ஆசிரியருக்கு இரு வாரத்துக்கு ஒருமுறைதான் சம்பளம். அது எப்படி என்று தொலைபேசியில் கேட்டபோது அவள் முதலில் சிரித்தாள், பிறகு 2012ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நோவோபே என்ற புதிய சம்பளக் கணினி முறையை அங்கே கொண்டுவந்தார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டு அமைச்சர் மட்டத்தில் விசாரணை நடந்தது, அதற்கடுத்த ஆண்டு அந்த வேலையைத் தனியார் நிறுவனத்திடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. ஆக, இரு வாரச் சம்பளம் பிழையைத் தடுக்கும் மந்திரம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் தோழி சொன்ன இன்னொன்றை நான் பிடித்துக்கொண்டேன். இரு வாரத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் ஒரே நாளில் ஆசிரியர்கள் கூச்சலிட்டார்கள், இரு வாரத்துக்கு ஒருமுறை செய்தித்தாளில் வந்தது, அமைச்சரால் ஒளிய முடியவில்லை என்றாள். எங்கள் ஊரில் சம்பளம் வராதவர் தனித்தனியாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. அங்கே கோடை விடுமுறை நீளமானது; வட கரோலினா போன்ற மாநிலத்தில் ஆசிரியரின் சம்பளக் காலத்தையே சட்டம் பத்து மாதம் என்று வகுக்கிறது. அதனால் அங்குள்ள சட்டமன்றங்களின் விவாதம், பத்து மாத வேலைக்கான பணத்தைப் பத்தாகப் பிரிப்பதா பன்னிரண்டாகப் பிரிப்பதா, மாதம் ஒன்றா இரண்டா என்று போகும். வாசிக்கச் சுவையாக இருக்கிறது. அந்த விவாதம் நடக்கும் இடங்களில், எத்தனை தவணை என்பதை ஒரு மசோதாவாகக் கொண்டுவரலாம் என்ற எண்ணமாவது இருக்கிறது. இங்கே அது சுற்றறிக்கைகளின் காரியமாகிவிட்டது.

நாங்கள் இடைவெளியைப் பற்றி யோசிக்கவே தெரியாதவர்களும் அல்லர். பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் டிசம்பரில் வரும். இந்நாட்டு அரசு ஊழியருக்கோ அவரவர் பிறந்த மாதத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் கீசர் மாற்றியது, வண்ணம் அடித்தது, மகனுக்குப் பல் கட்டியது எல்லாமே என் பிறந்த மாதமான செப்டம்பரில் நடந்தவை. கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்து, ஒருவர் மார்ச்சிலும் மற்றவர் அக்டோபரிலும் பிறந்திருந்தால் அது ஜாதகப் பொருத்தத்தைவிடப் பெரிய பொருத்தம் என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்போம். ஒரு மாபெரும் அரசுக் கணினி, ஒவ்வோர் ஊழியரின் பிறந்த மாதத்தையும் நினைவில் வைத்து அந்தந்த மாதத்தில் கூடுதல் சம்பளம் போடுகிறது. அதே கணினியால் ஏப்ரல் 6ஆம் தேதி வந்த படிவத்துக்கு ஏப்ரல் 20ஆம் தேதி பணம் போட முடியாது என்று சொன்னால் நான் நம்புவதாக இல்லை.

எனக்கு இப்போது வேண்டியது, என் பழைய எதிரிகள் கேட்டதைவிடச் சிறியது. எல்லா ஆசிரியருக்கும் எல்லாச் சம்பளத்தையும் இரண்டாகப் பிளக்க வேண்டாம். பணியேற்றவரின் முதல் சம்பளம், பணியேற்ற நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று கல்வியாளர் பணியமர்த்தல் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். பட்டியலில் பெயர் ஏறாதவர்களுக்கும் பிழை திருத்தப்பட்டவர்களுக்கும் மாத நடுவில் இன்னொரு பட்டியலைத் திறக்கச் சட்டமே கட்டாயப்படுத்தட்டும். 75ஆம் பிரிவின் வட்டியை யாரும் கேட்காமலே சம்பளச் சீட்டில் ஒரு தனி வரியாகப் போடட்டும். அந்த வட்டி பெரிய தொகையாக இராது. ஆனால் ஆண்டு முடிவில் அதை மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் கணக்காளர் ஒருவர் மாகாணத் தலைநகரில் இருப்பார், அவர் கண்ணில் அது உறுத்தும்.

என் மருமகளின் பணம் மே மாதத்தில் வந்தது, நான்கரை மாதத்துக்கும் சேர்த்து. ஒரே மாதத்தில் அவ்வளவு பணம் வந்ததால் அந்த மாதத்து வரிப்பிடித்தமும் கூடுதலாக இருந்தது. அது கணக்குத் தாக்கல் செய்தபிறகு திரும்பி வருமென்று சொல்ல வாயெடுத்து, மறுபடியும் சேமிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டேன். மஷோனிசாவுக்கு முதலில் கொடுத்தாள். தலைமையாசிரியையின் 400 ராண்டை ஒரு கேக்கோடு திருப்பிக் கொடுத்தாள். என்னுடைய 50 ராண்டையும் விடவில்லை. வேண்டாம் என்று சொன்னபோது, அது சாமிக்கு வாங்கிய தட்டு, கடனில் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று கையில் திணித்தாள். இப்போது அவள் அதே பள்ளியில் நிரந்தர ஆசிரியை. ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில், பரீட்சைக் கால அட்டவணைக்குப் பக்கத்தில், பட்டியல் மூடும் பன்னிரண்டு தேதிகளையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஜனவரியில் புதிதாக யாராவது வந்தால் அவர்களுடைய வங்கிப் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

என் கோரிக்கையைச் சென்ற மாதம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, நான் இருந்த சங்கத்தின் கிளைக்கு அனுப்பினேன். கிளைச் செயலாளர் என் பழைய மாணவர். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். முதல் சம்பளத்தைப் பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது என்றார், வட்டியைப் பற்றிய பகுதி இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "டீச்சர், மாத நடுவில் இன்னொரு சம்பளம் போட்டால் சங்கச் சந்தாவை எதில் பிடிப்பது?" என்று கேட்டார். இரண்டிலும் பாதிப்பாதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைக் கிளைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் ஆடிக் கஞ்சியெல்லாம் முடிந்தபிறகுதான், அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரமாட்டார்கள்.